பச்சைத் திரைக்கு முன்னால ஒரு ஜாவா வாசல்

போன எபிசோடை 1978-ல நிறுத்தியிருந்தோம். ஐபிஎம் இந்தியாவை விட்டுக் கிளம்பியது, அவர்களுடைய 1401 மெஷின்களைப் பராமரிக்கிற பொறுப்பு அரசின் சிஎம்சி கைக்கு வந்தது வரைக்கும் பார்த்தோம். 1992-ல டாடாவோட சேர்ந்து ஐபிஎம் திரும்பி வந்துச்சு. அதுக்குள்ள நடுத்தரக் கணினி வரிசையில ஏஎஸ்/400 வந்தாச்சு. 1988 ஜூன் 21-ல அறிமுகமானது.

அந்த மெஷினில் புரோகிராம் வன்பொருளை நேரா தொடாது. நடுவுல ஒரு அடுக்கு உண்டு. அதனாலதான் 1995-ல 48 பிட்டிலிருந்து 64 பிட் பவர்பிசி சிப்புக்கு மாறினப்போ, பெரும்பாலான பழைய ஆர்பிஜி புரோகிராம்களை மறுபடி எழுதாமலே ஓட்ட முடிஞ்சது. எங்க ஏரல் பாத்திரக் கடைக்காரர் கடையை இடிச்சுக் கட்டினாலும் பேரேட்டைத் தூக்கிப் போட மாட்டார் பாருங்க, அந்த மாதிரி.

1998-ல இந்த மெஷினுக்குள்ள ஜாவா வந்தது. அதே வருஷம் வெப்ஸ்பியரும் பிறந்தது. கணக்கு பழைய ஆர்பிஜியிலேயே இருக்கட்டும், பிரவுசர் வாசலை மட்டும் ஜாவாவில் திறப்போம் என்பதுதான் யோசனை. நல்ல யோசனைதான். ஆனா உள்ளே இருந்த எழுத்து எப்சிடிக். நமக்குப் பழகின ஆஸ்கியில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்துக்கு எண் 65, இங்கே 193. ஆஸ்கியில் இலக்கம் முன்னால வரும், இங்கே எழுத்து முன்னால. வரிசைப்படுத்தின பட்டியல் ரெண்டு பக்கமும் ரெண்டு மாதிரி வரும்.

அதைவிடப் பெரிய தொல்லை மெமரி. சென்னையில் நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், வெப்ஸ்பியர் ஏத்தின வாரமே ராத்திரி பில்லிங் காலை வரைக்கும் இழுத்துச்சு. எல்லாரும் ஜாவாவைத் திட்டினோம். விஷயம் வேற. ஜாவாவும் பேட்ச் வேலைகளும் ஒரே மெமரி பூலில் கிடந்தன. பில்லிங் ஓடும்போது ஜாவாவின் பக்கங்கள் டிஸ்க்குக்குப் போயிடும். குப்பை பொறுக்குற நேரம் ஜாவா தன் ஹீப் முழுக்க நடந்து பார்க்கணும், அத்தனையும் டிஸ்க்கிலிருந்து திரும்பி வரணும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் வடகாலுக்கும் தென்காலுக்கும் தனித்தனி மடை வச்சது சும்மாவா? ஜாவாவுக்குத் தனி பூல் ஒதுக்கினோம். பில்லிங் பழைய நேரத்துக்கு வந்தது. அதுக்குள்ள அந்த வாரத்துப் பழியை ஒரு ஆர்பிஜி அண்ணாச்சி சுமந்துட்டார், அவருக்குச் சம்பந்தமே இல்லாம. நாங்களும் பேசாமத்தான் இருந்தோம்.

அந்த 1998 ஜாவா இயந்திரத்தை 2010-ல வந்த 7.1 பதிப்பில் ஐபிஎம் எடுத்துட்டாங்க. மெஷினுக்கு இப்போ பேரு பவர், ஓஎஸ்ஸுக்குப் பேரு ஐபிஎம் ஐ. ஆர்பிஜி இன்னும் அதுல ஓடுது. அடுத்த வாரம் ஆர்பிஜி கதைக்கு வர்றேன்.