மண்டையோட்டை அளந்தவர்களும் தாடையை அளப்பவர்களும்

பல்லுக்குக் கம்பி போடச் செல்லும் பிள்ளையின் தலையைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்து, அதன்மீது வைத்தியர் சில கோடுகளை வரைவார். காதுத் துவாரத்தின் மேல்விளிம்பையும் கண்குழியின் கீழ்விளிம்பையும் இணைக்கும் பிராங்பர்ட் கோடு அவற்றுள் முக்கியமானது. தாடை முன்தள்ளி உள்ளதா, முகம் நீண்டதா, குட்டையானதா என்பதைக் கணிக்க அது உதவுகிறது. பல்லைப் பிடுங்குவதா, நகர்த்துவதா என்ற முடிவு அதன் பிறகே வரும். இக்கோட்டின் வரலாற்றில் எமது தீவின் வேடர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதைப் பலர் அறியார்.

திருகோணமலைத் துறைமுகத்திற்குத் தெற்கே கொட்டியாரக் குடா விரிந்து கிடக்கிறது. 1660ஆம் ஆண்டு அங்கே சிறைப்பிடிக்கப்பட்ட ஆங்கிலேயர் ரொபேர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் வேடர்களின் வில்லைப் பற்றியும் தேனில் இட்டுப் பாதுகாத்த இறைச்சியைப் பற்றியும் எழுதினார். அவர்களின் மண்டையை அளக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கரையோர வேடர்கள் இன்றும் மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல் பகுதிகளில் வாழ்கின்றனர். பத்திரிகைப் பணியின் பொருட்டு அப்பகுதிகளுக்குப் பலமுறை சென்றிருக்கிறேன். அவர்கள் பேசுவது தமிழ். பலருக்குத் தொழில் மீன்பிடி.

அளவுகோல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தது. பெர்லினின் புகழ்பெற்ற மருத்துவர் ருடோல்ப் விர்ஹோ, ஐரோப்பாவுக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்த மண்டையோடுகளையும் பிறர் எழுதிய குறிப்புகளையும் ஆதாரமாகக் கொண்டு, 1881இல் இலங்கை வேடர் பற்றி ஆய்வொன்றை வெளியிட்டார். மண்டையோடுகளை ஒரே நிலையில் வைத்து அளப்பதற்கென ஜெர்மானிய மானிடவியலாளர் 1882இல் பிராங்பர்ட் நகரில் கூடி ஆராய்ந்து, 1884இல் உறுதிசெய்த உடன்பாட்டில் முன்னின்றவர்களுள் அவரும் ஒருவர். மேலே சொன்ன கோடு அந்த உடன்பாட்டின் பிள்ளை. பின்னர் சுவிட்சர்லாந்தின் சரசின் உறவினர் இருவர் 1892-93இல் வேடர் பற்றிப் பெருநூல் வெளியிட்டு, அவர்களை மனிதகுலத்தின் தொன்மையான படிநிலைக்குச் சான்றாகக் கருதினர். 1911இல் செலிக்மன் தம்பதியரின் நூல் வெளிவந்தது; கரையோர வேடருக்கும் அதில் இடம் கிடைத்தது.

இங்கே ஒரு முரணைக் கவனியுங்கள். எலும்பின் வடிவத்தைக் கொண்டு மனிதரைத் தரம்பிரித்துக் கொண்டிருந்த அதே காலத்தில், 1892ஆம் ஆண்டு, அதே பெர்லினில் ஜூலியஸ் வொல்ப் என்ற அறுவை மருத்துவர், எலும்பு தன்மீது விழும் சுமைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்று நிறுவ முயன்றார். தாடை எலும்புக்கும் இது பொருந்தும். பொதுவாக, மெல்லும் தசை வலுவாக உள்ள குட்டை முகத்தாரின் தாடையில் வெளி எலும்பு தடித்தும், நீண்ட முகத்தாரிடம் மெலிந்தும் காணப்படுகிறது. பல்லை நகர்த்தவும் சிறு திருகாணி பதிக்கவும் திட்டமிடும் வைத்தியர் இன்று இதையும் பார்க்கிறார். ஆகவே தாடை குலத்தை மட்டும் சொல்லவில்லை. உண்ட உணவையும் மென்ற உழைப்பையும் அது சேர்த்தே சொல்கிறது.

அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் மண்டையோட்டை அசையாமல் பிடிக்கும் கருவியை, உயிருள்ளவரின் தலையைப் பிடிக்கும் கருவியாக மாற்றி, 1931இல் எக்ஸ்ரே அளவைமுறையை அறிமுகம் செய்தவர் ஹோலி புரோட்பென்ட். அதே ஆண்டில் ஜெர்மனியில் ஹொப்ராத்தும் இதனைச் செய்தார். 1948இல் டவுன்ஸ் வகுத்த புகழ்பெற்ற அளவுகளோ, சீரான பல்வரிசை கொண்ட வெள்ளை இன இளையோர் இருபது பேரிடமிருந்து பெறப்பட்டவை. அந்த இருபது முகங்களை அளவுகோலாகக் கொண்டால், தென்னாசியரிடையே இயல்பாகக் காணப்படும் சற்று முன்தள்ளிய பற்களும் உதடுகளும் குறையாகத் தோன்றும். குறையே இல்லாத வாயிலிருந்து பல்லைப் பிடுங்கும் ஆபத்து இதில் இருக்கிறது. இதனாலேயே அந்தந்த மக்களுக்குரிய அளவுகளைத் தேடும் ஆய்வுகள் ஆசிய நாடுகளில் எழுந்தன.

2019ஆம் ஆண்டு நவம்பரில் எடின்பரோ பல்கலைக்கழகம் தன்னிடமிருந்த ஒன்பது வேடர் மண்டையோடுகளை வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோவிடம் ஒப்படைத்தது. மண்டையோடுகள் திரும்பிவிட்டன, கோடு வைத்தியரின் மேசையில் தங்கிவிட்டது. அது அங்கே இருப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. மனிதரைத் தரம்பிரிக்கப் பிறந்த கருவி ஒரு பிள்ளையின் கடிவாயைச் சீராக்குமானால் நன்றே. ஆனால் மூதூரிலிருந்து வரும் பிள்ளையின் முகத்தை அந்தப் பிள்ளையின் மக்களோடு ஒப்பிட்டே அளக்க வேண்டும். அதற்கு முதலில், அம்மக்களின் முகங்கள் அவர்களது சம்மதத்துடன் எமது ஆய்வேடுகளில் இடம்பெற வேண்டும்.