அகழியில் ஒலித்த ரஜஸ்

நம் மத்ரஸாவில் ஓதி, இப்போது ஒரு நிறுவனத்தில் பணியாற்றும் இளைஞர் ஒருவர் சென்ற ரமளானில் நம்மைக் காண வந்தார். அவருடைய அலுவலகத்தில் மாதத்தில் ஒருநாள் ஊழியர்கள் அனைவரும் ஓவியம் தீட்ட வேண்டும், அல்லது கவிதை எழுதி வாசிக்க வேண்டும். பணியிடத்தில் மன இறுக்கம் குறைந்து ஒற்றுமை வளர்வதற்கான ஏற்பாடாம். "மேலாளரும் வந்து அமர்வாரா?" என்று கேட்டோம். "அவர் மின்னஞ்சல் அனுப்புவதோடு சரி, ஹஜ்ரத்" என்று சிரித்தார். பிறகு, வேலைக்கும் கவிதைக்கும் நம் வரலாற்றில் தொடர்பு ஏதும் உண்டா என்று வினவினார். அன்று இஃப்தாருக்கு நேரம் நெருங்கிவிட்டதால் சுருக்கமாகவே விடை கூறினோம். விரித்துச் சொல்லத் தக்க செய்தி அது.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் குறைஷியரும் கத்ஃபான் முதலிய கோத்திரத்தாரும் ஒன்றுசேர்ந்து மதீனாவை நோக்கிப் புறப்பட்டனர். வந்தவர்கள் 10,000 பேர், எதிர்கொண்டவர்கள் 3,000 பேர் என்று இப்னு இஸ்ஹாக் குறிப்பிடுகிறார். ஏனைய திசைகளில் கரிய எரிமலைப் பாறைப் பரப்பும் தோட்டங்களும் வீடுகளும் அரணாக நின்றன. படை நுழையக்கூடியதாக வடபுறமே திறந்து கிடந்தது. அங்கே அகழி வெட்டலாம் என்ற யோசனையைச் சொன்னவர் ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்கள். அடிமைத்தளையில் இருந்த காரணத்தால் பத்ரிலும் உஹதிலும் கலந்துகொள்ள இயலாதவர் அவர். ஊருக்குப் புதியவர், அண்மையில் விடுதலை பெற்றவர், அயல்நாட்டு உத்தி ஒன்றைச் சொல்கிறார், அது ஏற்கப்படுகிறது. இதை மட்டுமே பேசுவதானாலும் ஒரு கட்டுரை வேண்டும்.

பத்துப் பேருக்கு 40 முழம் என்று வேலை பங்கிடப்பட்டதாகத் தபரீ பதிவு செய்துள்ளார். வேலை எளிதன்று. அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஸஹீஹுல் புகாரி ஹதீஸில் அந்தக் காலைப் பொழுதின் குளிர் பேசப்படுகிறது. முஹாஜிர்களுக்கும் அன்ஸாரிகளுக்கும் தமக்காக மண் வெட்ட அடிமைகள் இல்லை என்பதும் அதில் வருகிறது. உணவாகக் கிடைத்தது ஒரு கைப்பிடி வாற்கோதுமை. அதுவும் நாட்பட்டு வாடையேறிய கொழுப்பில் சமைத்தது. தொண்டையில் இறங்க மறுக்கும்.

இந்நிலையில்தான் அவர்கள் பாடினார்கள். ரஜஸ் என்பது அரபு யாப்பில் எளிமையானது. குறுகிய அடிகள், உடனுக்குடன் வந்து விழும் இயைபு. ஒட்டகம் ஓட்டுபவரும் கிணற்றில் நீர் இறைப்பவரும் கையோடு கட்டிப் பாடுவது. நம் பாட்டனார் காலத்து ஏற்றப்பாட்டைக் கேட்டவர்களுக்கு இதன் பயன் சொல்லாமலே விளங்கும். புலவர் பட்டம் பெற்றவர்தாம் பாட வேண்டும் என்பதில்லை. மண் சுமக்கும் எவரும் ஓர் அடியைச் சேர்க்கலாம்.

நபி (ஸல்) அவர்கள் தோழர்களின் களைப்பையும் பசியையும் கண்டு, மறுமை வாழ்வே வாழ்வு என்று கூறி, அன்ஸாரிகளுக்கும் முஹாஜிர்களுக்கும் பாவமன்னிப்பை வேண்டினார்கள். அதுவும் பாட்டின் சந்தத்திலேயே அமைந்தது. உயிருள்ளவரை போராடத் தாங்கள் பைஅத் செய்திருப்பதைத் தோழர்கள் அதே சந்தத்தில் மறுமொழியாகப் பாடினார்கள். பராஃ (ரலி) அவர்களின் அறிவிப்பு இன்னும் நெருக்கமான காட்சியைத் தருகிறது. நபியவர்கள் மண் சுமக்கிறார்கள். அவர்களின் திருமேனியைப் புழுதி மூடியிருக்கிறது. நாவில் அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்களின் அடிகள். முடிவுச் சொல் வரும்போது குரலை உயர்த்தி நீட்டுகிறார்கள்.

"நாம் அவருக்குக் கவிதையைக் கற்றுக்கொடுக்கவில்லை" என்று யாஸீன் சூராவின் 69ஆம் வசனம் கூறுகிறதே என்று மாணவர்கள் ஆண்டுதோறும் நம்மிடம் கேட்பதுண்டு. நபியவர்கள் கவிஞர் அல்லர் என்பதே அதன் கருத்து; பிறர் இயற்றிய நல்ல அடியை எடுத்துச் சொல்வதற்கு அது தடை ஆகாது என்று ஆலிம்கள் விளக்கியுள்ளனர். பாடலை இயற்றியவர்கள் உழைப்பாளிகள். தலைவர் அதைத் தம் நாவில் ஏந்திக்கொண்டார். தோளில் மண் இருந்ததால் அந்தக் குரலுக்கு அங்கே இடம் இருந்தது. மின்னஞ்சல் அனுப்பும் மேலாளரைப் பற்றி நாம் கேட்டதன் காரணம் இதுவே.

ஆயினும் பணியிடத்துப் பாட்டு எப்போதும் இன்பமே தந்தது என்று சொன்னால் அது வரலாறு ஆகாது. அகழிக்கு ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளுக்கு முன், மஸ்ஜிதுந் நபவீ கட்டப்பட்டபோதும் தோழர்கள் ரஜஸ் பாடிக்கொண்டே கல் சுமந்தார்கள். உழைத்துக் கட்டுபவரும் புழுதிக்கு அஞ்சி ஒதுங்குபவரும் சமமாகார் என்ற கருத்தில் அலீ (ரலி) அவர்கள் ஓர் அடி சொன்னார்கள். அம்மார் (ரலி) அவர்களுக்கு அது பிடித்துவிட்டது. திரும்பத் திரும்பப் பாடலானார்கள். தோழர்களுள் ஒருவர் அது தம்மையே குத்துவதாக எண்ணினார். கையிலிருந்த தடியைக் காட்டி எச்சரிக்கும் அளவுக்குச் சினம் மூண்டது. நபியவர்கள் அதைக் கேட்டுக் கோபமுற்று அம்மாருக்காகப் பரிந்து பேசினார்கள். அந்தத் தோழரின் பெயரை இப்னு இஸ்ஹாக் எழுதியிருந்தும் இப்னு ஹிஷாம் தம் நூலில் அதைச் சேர்க்கவில்லை. அந்த அதபை நாமும் பேணுகிறோம்.

அம்மார் எவரையும் குறிவைத்துப் பாடியதாகச் செய்தி இல்லை. ஆனாலும் பாட்டுக்கு அந்த ஆபத்து உண்டு. பலர் சேர்ந்து பாடும்போது அதில் அகப்பட்டவர் தனியர் ஆகிவிடுகிறார். சில ஆண்டுகளுக்கு முன் நம் மத்ரஸாவுக்குச் சுண்ணாம்பு அடிக்கையில், மாணவர்கள் ஏணியில் ஏற அஞ்சிய ஒரு சிறுவனைப் பற்றி இரண்டு அடி கட்டிப் பாடினார்கள். கேட்க நயமாகத்தான் இருந்தது, நாமும் புன்னகைத்துவிட்டோம். மறுநாள் அந்தச் சிறுவன் ஓத வரவில்லை. வீட்டுக்குச் சென்று அழைத்துவர நேர்ந்தது. நம் புன்னகையை அவன் பார்த்திருந்தான்.

அகழியில் பாடப்பட்ட இன்னொரு ரஜஸ் அதன்பின் அடிக்கடி நம் நினைவுக்கு வருகிறது. இப்னு இஸ்ஹாக் அதைப் பதிந்திருக்கிறார். அங்கே வேலை செய்தவர்களில் ஜுஅய்ல் என்றொருவர் இருந்தார். சாணவண்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நபியவர்கள் அதை மாற்றி அம்ர் என்று பெயர் சூட்டினார்கள். உடன் மண் வெட்டியவர்கள் அந்தச் செய்தியையே பாட்டாகக் கட்டிவிட்டார்கள். பழைய பெயர் நீங்கியது, புதுப்பெயர் வந்தது, வறியவர் ஒருவருக்கு அன்று துணை கிடைத்தது என்பது அதன் பொருள். அடிமுடிவில் புதுப்பெயர் வரும்போது நபியவர்கள் அந்த ஒரு சொல்லைச் சேர்ந்து சொல்வார்கள். அடுத்த அடியின் கடைசிச் சொல்லையும் அவ்வாறே சொல்வார்கள்.

இதைக் கேட்டதும் அந்த இளைஞர் சிறிது நேரம் பேசவில்லை. தம் அலுவலகத்தில் தேநீர் கொண்டுவரும் பெரியவரை எல்லாரும் ஒரு பட்டப்பெயரால்தான் அழைக்கிறார்கள் என்றும், அவருடைய உண்மையான பெயர் தமக்குத் தெரியாது என்றும் சொன்னார். அதற்குள் பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினோம்.