புழுங்கலரிசியும் கோலாலம்பூர்ப் பரிசோதனையும்

வைத்தியர் ஒருவர் "இதனை உண்ணுக, அதனை விடுக" என்று கூறும்போது, எந்த ஆதாரத்தைக் கொண்டு கூறுகிறார் என்று நாம் கேட்பதில்லை. அயலவர் சொல்லும் பத்தியத்தையும் அவ்வாறே ஏற்றுக் கொள்கின்றோம். உணவைப் பற்றிய ஒரு சொல்லை நம்புவதற்கு எத்தகைய சான்று வேண்டும் என்பதைக் காட்டும் வரலாறொன்று எமது சோற்றோடு தொடர்புடையது. அது நிகழ்ந்த இடம் மலாயா. எம்மவர் பலர் உத்தியோகம் நாடிக் கப்பலேறிய அதே மலாயா.

அந்நாளில் அங்கே பெரிபெரி என்னும் நோய் மலிந்திருந்தது. கால்கள் மரத்து வீங்கும், நடை தளரும், இறுதியில் இருதயம் ஓய்ந்துவிடும். 'இயலாது, இயலாது' என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்தே இப்பெயர் வந்ததென்பர். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரே பெரும்பாலும் மாண்டனர். காற்றிலே நஞ்சு என்றார் சிலர். கிருமி என்றார் வேறு சிலர்.

உணவின் மீது ஐயம் முன்னரே எழுந்திருந்தது. யப்பானியக் கடற்படை வைத்தியர் தக்காகி, 1884இல் ஒரு கப்பலின் உணவை மாற்றி நோயைப் பெரிதும் தடுத்தார். ஆனால் புரதக் குறைவே காரணம் என அவர் கொண்ட விளக்கம் பிழையானது. யாவாவில் எய்க்மான் என்னும் ஒல்லாந்து வைத்தியர், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதைக் கண்டார்.

மலாயாவில் பிறாடன் என்னும் அரசாங்க வைத்தியர் மூவகை மக்களையும் உற்று நோக்கினார். ஆலையில் தீட்டிய வெள்ளையரிசியை உண்ட சீனர் நோயுற்றனர். வீட்டில் நெற்குத்தி உண்ட மலாயரும், புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரும் தப்பினர். "முன்னோர் இதனை அறிந்தே செய்தனர்" என்று இங்கே பெருமை பேசுவோர் உளர். நாம் அவ்வாறு கூறத் துணியோம். அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது, நெடுநாள் கெடாது என்பதற்காகவே எம்மவர் நெல்லை அவித்தனர். தமிழ்த் தொழிலாளரைக் காத்தது வழக்கமேயன்றி அறிவன்று. மேலும், சீனருக்கும் தமிழருக்கும் அரிசியில் மட்டுமா வேற்றுமை? தொழில், குடியிருப்பு, கறிவகை யாவும் வேறல்லவா? ஆகவே பிறாடன் கண்டது வலிய ஐயமேயன்றி முடிந்த முடிபன்று.

அந்த ஐயத்தைத் தீர்க்க முற்பட்டவர் வில்லியம் பிளெச்சர். கோலாலம்பூரிலிருந்த மனநோயாளர் வைத்தியசாலையில் 1905 டிசம்பரில் அவர் நோயாளரை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றை எண் பெற்றோர் ஒரு விடுதிக்கும் இரட்டை எண் பெற்றோர் மற்றொன்றுக்கும் சென்றனர். ஒரு பகுதியாருக்கு வெள்ளையரிசி, மறுபகுதியாருக்குப் புழுங்கலரிசி, ஏனையவை ஒன்றே. விடுதியின் இடக்கோளாறோ என்ற ஐயம் எழாதிருக்கச் சில மாதங்களின் பின் இரு பகுதியாரையும் இடம் மாற்றினார். ஓராண்டு முடிவில், வெள்ளையரிசி உண்ட 120 பேரில் கால்வாசிக்கு மேற்பட்டோர் நோயுற்று 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் எவரும் பெரிபெரியால் இறக்கவில்லை.

அந்தப் 18 பேரை எண்ணாது இவ்வரலாற்றைக் கடந்து செல்ல எம்மால் இயலவில்லை. வாய்திறந்து மறுக்கும் நிலையில் இல்லாதவர்கள் அவர்கள். இன்று அத்தகைய பரிசோதனைக்கு எவரும் இடங்கொடார், கொடுக்கவும் கூடாது.

பின்னர் பிறேசர், ஸ்ரான்ரன் என்னும் இருவர் நெகிரி செம்பிலான் காட்டில் வீதியமைத்த ஏறத்தாழ 300 யாவாத் தொழிலாளரிடையே இதனை மீண்டும் ஆராய்ந்து, அரிசியைத் தீட்டும்போது உடலுக்கு வேண்டிய ஏதோவொன்று கழிந்து போகிறதென 1909இல் வெளியிட்டனர். தயமின் எனப்படும் விற்றமின் பீ 1 தான் அது. 1936இல் வில்லியம்ஸ் அதனைச் செயற்கையாக ஆக்கினார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள இந்தச் சத்தில் ஒரு பகுதி அரிசியினுள்ளே இறங்கிவிடுகிறது. அதனாற்றான் பின்னர் தீட்டினாலும் முற்றாகப் போவதில்லை.

இனி, இச்சான்று தனியொருவருக்கு என்ன கூறுகிறது? பச்சையரிசிச் சோறு உண்பவர் யாவருக்கும் பெரிபெரி வருமென்று கூறவில்லை. பருப்பும் மீனும் பயறும் சேர்த்து உண்பவருக்கு அச்சத்து அவற்றாலும் கிடைக்கும். குடிப்பழக்கமுள்ளவரும், வாந்தியால் உணவு தங்காத கர்ப்பிணியும் சோறு எதுவாயினும் வைத்தியரிடம் இதனைக் கேட்டறிய வேண்டியவர்கள். நீரிழிவுள்ள பெரியவரொருவர், "புழுங்கலரிசி நல்லதென்று நிறுவப்பட்டதே, இன்னும் ஓரகப்பை போடு பிள்ளை" என்பாராயின், கோலாலம்பூரில் கேட்கப்பட்ட கேள்வி அதுவன்று. அவருக்குரிய விடை வேறு ஆராய்ச்சிகளிலும், உண்டு இரண்டு மணித்தியாலத்தின் பின் அவர் இரத்தத்திற் காணும் சீனியின் அளவிலுமே உண்டு.