திருகோணமலையில் விபுலாநந்த அடிகளார்

1795ஆம் ஆண்டில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய திருகோணமலைத் துறைமுகம், 1957ஆம் ஆண்டு வரை அவர்தம் கடற்படைத் தளமாய் விளங்கிற்று. கப்பற்றுறையிலே மூட்டை சுமப்பதற்கு எழுத்தறிவு வேண்டியதில்லை. கணக்கெழுதும் மேசைக்கோ ஆங்கிலம் வேண்டும். தாய்மொழிப் பாடசாலைகளிற் கட்டணம் இல்லை; ஆங்கிலப் பாடசாலைகளிற் கட்டணம் உண்டு. ஆகவே தந்தையின் வருவாயே மைந்தன் கல்வியின் எல்லையாயிற்று.

அந்நகரத்து இந்துக் கல்லூரி 1897ஆம் ஆண்டில் தோன்றியது. 1925ஆம் ஆண்டில் இராமகிருஷ்ண மிஷன் அதனைப் பொறுப்பேற்றபோது, அதனை நடத்தும் பாரம் விபுலாநந்த அடிகளார்மேல் விழுந்தது. முகாமையாளராகவும், சில காலம் அதிபராகவும் அவர் அங்கே தொண்டாற்றினார்.

கிழக்கிலங்கைக் காரைதீவிலே 1892ஆம் ஆண்டிற் பிறந்த மயில்வாகனனாரே பின்னாளில் விபுலாநந்தர் ஆனார். பதினாறாம் வயதிற் கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்விலே தேறிய அவர், பல்கலைக்கழக வாசலுக்குச் சென்று கற்றவர் அல்லர். ஆசிரியத் தொழில் செய்துகொண்டே கற்றவர். 1916ஆம் ஆண்டில் விஞ்ஞான டிப்ளோமாவும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டமும், 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். பகலிற் கற்பித்து இரவிற் கற்ற இவ்வாழ்க்கையின் அருமையை ஆசிரியர் நன்கறிவர். அப்பட்டம் பெற்ற ஆண்டிலேயே மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். நல்ல ஊதியமும் மதிப்பும் கைகூடிய அவ்வேளையில் அவற்றைத் துறந்து சென்னை மயிலாப்பூர் மடத்தை அடைந்தார். 1924இல் துறவு பூண்டார்.

துறவிக்குப் பொருள் வேண்டாம், பள்ளிக்கூடத்துக்கு வேண்டும். அரசினர் உதவி நன்கொடை எளிதில் வருவதன்று. கட்டடமும் தளபாடமும் நடத்துவோரே முன்னர்த் தேடியமைத்தல் வேண்டும். பதிவு பெற்ற பின்னரே உதவி கிட்டும். பதிவு பெற்ற பின்னரும் ஏழைச் சிறுவனுக்குச் சோறும் உடையும் அந்நன்கொடையில் அடங்கா. ஊரார் கொடுத்தாலன்றிப் பாடசாலை நடவாது. அவர்பாற் சென்று கேட்பதும் அடிகளார் பணியாயிற்று.

சோற்றுக்கு வழி காணாமற் பாடத்தைப் பற்றிப் பேசுதல் வீண் என்பதை அவர் உணர்ந்திருந்தார் எனலாம். யாழ்ப்பாணத்திலிருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தைக் காரைதீவுக்கும், பின்னர் மட்டக்களப்புக் கல்லடி உப்போடைக்கும் மாற்றி வளர்த்தார். அங்கே 1929ஆம் ஆண்டிலே சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தபோதும், அருகிலுள்ள திருவேட்களத்திலே ஒடுக்கப்பட்டோருக்கு இராப்பள்ளி நடத்தினார். பேராசிரியர் இருக்கையைவிட அந்த இராப்பள்ளித் திண்ணையே அவர் உள்ளத்தை நன்கு காட்டுகின்றது.

1945ஆம் ஆண்டில், கன்னங்கரா அமைச்சராயிருந்த காலத்தில், இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. இருபதாண்டுகள் கட்டணத்தோடு போராடிய அடிகளார் அதனைக் கண்ணாரக் கண்டார். 1947 சூனிலே யாழ் நூலை அரங்கேற்றினார்; அடுத்த சூலை 19இல் மறைந்தார். உலகம் அவரை யாழ் நூலால் நினைக்கின்றது; தவறன்று, ஆயினும் அது பாதியே.

திருகோணமலைக் கல்லூரி பின்னர் அரசினர் கைக்கு மாறிற்று. இன்று ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி என வழங்கும் அதன் பெயருக்கு முன்னே, இராமகிருஷ்ண மிஷனைக் குறிக்கும் எழுத்துகள் இன்னும் நிற்கின்றன.