அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கான கல்வி ஆவண அத்தாட்சி

தாய்நாட்டில் கல்வி முடித்த மாணவர் ஒருவர் அந்நிய தேசத்துப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, தாம் சமர்ப்பிக்கும் மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ் முதலியவை உண்மையானவையே என்பதை, அவரை முன்பின் அறியாததும் அவர் படித்த கல்லூரியின் பெயரைக்கூடக் கேட்டிராததுமான ஓர் அலுவலகம் ஐயமின்றி ஏற்கும்படி, உரிய அதிகாரம் படைத்தவர்களின் கையொப்பத்தாலும் முத்திரையாலும் உறுதிப்படுத்தும் முறையே கல்வி ஆவண அத்தாட்சி எனப்படும். ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்று, பேராசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதமும் வாங்கி, பணத்துக்கும் வழி செய்துகொண்ட பிறகு, ஒரு முத்திரை உரிய இடத்தில் விழாத காரணத்தால் கடைசித் தேதியைத் தவறவிட்டு ஓராண்டை இழந்து நிற்கும் மாணவர்கள் உண்டு என்பதால், இதைச் சில்லறை விஷயமாக எண்ணுவதற்கில்லை. இந்தியாவில், சிறப்பாகத் தமிழ்நாட்டில், வழக்கிலுள்ள முறைகளே இங்குக் கூறப்படுகின்றன.

அத்தாட்சி என்ற பொதுப் பெயருக்குள் மூன்று வெவ்வேறு காரியங்கள் அடங்கியிருக்கின்றன என்பதையும், அவற்றுள் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்பதையும் முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். நகல் மூலத்தோடு ஒத்திருக்கிறது என்று சொல்வது ஒன்று. மூலத்தில் உள்ள கையொப்பமும் முத்திரையும் மெய்யானவை என்று சொல்வது இன்னொன்று. அந்த ஆவணம் கூறும் செய்தியே உண்மை என்று சொல்வது மூன்றாவது. ஒரு மதிப்பெண் பட்டியலில் கணிதத்துக்கு 84 என்று அச்சாகியிருக்குமானால், நோட்டரி சொல்வது நகலிலும் 84 என்றே இருக்கிறது என்பது. வெளியுறவு அமைச்சகம் சொல்வது தன்முன் வந்த ஆவணத்தில் கையொப்பமிட்ட உத்தியோகஸ்தர் அந்தப் பதவியில் இருந்தவர்தாம் என்பது. அந்த மாணவர் கணிதத்தில் 84 வாங்கினாரா என்பதைச் சொல்ல வல்லது தேர்வு நடத்திய ஸ்தாபனத்தின் பதிவேடு ஒன்றே. எத்தனை உயர்ந்த அலுவலகத்தின் முத்திரையானாலும் அது தனக்கு முந்தைய முத்திரைக்கே சாட்சி கூறுகிறது. ஆகையால், எந்தப் பல்கலைக்கழகம் இம்மூன்றில் எதைக் கேட்கிறது என்பதை அதன் அறிவிப்பைப் பார்த்து நிச்சயித்துக்கொள்ளாமல், அகப்பட்ட முத்திரைகளையெல்லாம் பணம் கொடுத்துச் சேர்ப்பது வீண் பிரயாசை.

ஒரு தலைமுறைக்கு முன்புவரை தமிழ்நாட்டில் நகலுக்கு அத்தாட்சி வாங்குவதென்றால், அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் ஒருவரைத் தேடிச் சென்று, மூலத்தையும் நகலையும் அவர் மேசைமேல் வைத்துக் காத்திருந்து, பச்சை மையில் அவருடைய கையொப்பத்தையும், பெயரும் பதவியும் பொறித்த ரப்பர் முத்திரையையும் பெற்று வருவதென்றே பொருள். அரசு மருத்துவரோ, தாசில்தாரோ, அரசுக் கல்லூரிப் பேராசிரியரோ தெரிந்தவராக வாய்க்காத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது எளிய காரியமாக இருக்கவில்லை. உள்நாட்டு விண்ணப்பங்களுக்கு விண்ணப்பதாரர் தாமே கையொப்பமிட்டால் போதும் என்ற வழக்கத்தை 2014ஆம் ஆண்டையொட்டி மத்திய அரசு பரவச் செய்தது அத்தகைய மாணவர்களுக்குச் செய்த பேருபகாரமாகும். எனினும், அந்தச் சுயகையொப்பத்துக்கு நம் எல்லைக்கு வெளியே மதிப்பு இல்லை; பச்சை மைக் கையொப்பத்தையும் பல அயல்நாட்டு அலுவலகங்கள் அறியமாட்டா. அவை அறிந்தது 1952ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டத்தின்படி நியமனம் பெற்ற நோட்டரியையே. சென்னையில் உயர் நீதிமன்றத்தை அடுத்த பாரிமுனைத் தெருக்களிலும், மாவட்டத் தலைநகரங்களில் நீதிமன்ற வாயில்களிலும் நோட்டரிகள் இருக்கிறார்கள். மூலத்தைக் கையில் வாங்கிப் பக்கம் பக்கமாக நகலோடு ஒப்பிட்டுப் பார்த்து, தம் பதிவேட்டில் எண்ணிட்டு, அதன் பிறகே முத்திரையிடுபவரிடம் போவது நலம். மூலத்தைப் பாராமலே கட்டுக் கட்டாக முத்திரை குத்தித் தருபவரின் அத்தாட்சி, நேர்மையான மாணவரின் ஆவணத்தின் மீதும் சந்தேகம் விழ இடமளிக்கிறது.

நகல் அத்தாட்சியில் ஜெர்மானியர் கடைப்பிடிக்கும் நுட்பம் குறிப்பிடத்தக்கது. நகல் மூலத்துக்கு ஒத்தது என்ற வாசகமும், அத்தாட்சி செய்தவரின் கையொப்பமும், அலுவலக முத்திரையும் இருப்பதோடு, ஆவணம் பல தாள்கள் கொண்டதாயின், தாள்களின் மூலைகளை ஒன்றன்மேல் ஒன்று சற்று விலகி நிற்குமாறு விசிறிபோல் மடித்துப் பிணைத்து, ஒரே முத்திரையின் ஒவ்வொரு பகுதி ஒவ்வொரு தாளிலும் விழும்படி குத்த வேண்டும் என்பது அங்குள்ள சம்பிரதாயம். நடுவிலிருந்து ஒரு தாளை உருவிவிட்டு வேறொன்றைச் செருகினால் முத்திரையின் வட்டம் பொருந்தாது போய்விடும்.

மூன்றாவது வகையான உறுதியைத் தருவதில் தலையாயது, மாணவர் உலகில் டிரான்ஸ்கிரிப்ட் என்று வழங்கும் தொகுப்பு மதிப்பெண் ஆவணம். எல்லாப் பருவங்களின் பாடங்களும் மதிப்பெண்களும் ஒருசேர எழுதப்பட்டு, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் கையொப்பத்தோடு வெளிவரும் இந்த ஆவணத்தை, பல்கலைக்கழகமே உறையிலிட்டு, உறையின் மடிப்பு ஒட்டும் கோட்டின்மேல் பாதி மடலிலும் பாதி உறையிலுமாக முத்திரை குத்தி, அதன் குறுக்கே கையொப்பமும் இட்டுத் தரும். அந்த உறையை மாணவர் ஆவலால் பிரித்துவிட்டாரானால் உள்ளே இருக்கும் தாள் எத்தனை உண்மையானதாயினும் பயனற்றதாகிவிடும். ஏனெனில் அந்த உறைக்கு மதிப்பு, அது பிறர் கை படாமல் வந்தது என்பதிலேயே இருக்கிறது. 1974இல் தொடங்கி நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் வேர்ல்ட் எஜுகேஷன் சர்வீசஸ் போன்ற மதிப்பீட்டு ஸ்தாபனங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், டிரான்ஸ்கிரிப்ட் மாணவர் கை வழியே வராமல் பல்கலைக்கழகத்திலிருந்தே நேராகத் தமக்கு வர வேண்டும் என்று நிபந்தனை விதிக்கின்றன. இவற்றோடு பயிற்றுமொழி ஆங்கிலமே என்பதற்கான சான்று, அரியர் எத்தனை என்பதற்கான சான்று, சில வேளைகளில் பாடத்திட்டத்தின் முத்திரையிட்ட பிரதி ஆகியவையும் கேட்கப்படுவதுண்டு.

தமிழ்நாட்டில் இதில் ஒரு சிக்கல் உண்டு. சென்னை கிறித்துவக் கல்லூரி, இலயோலாக் கல்லூரி முதலியவை 1978இல் தன்னாட்சி பெற்றது தொடங்கி, பல கல்லூரிகள் தாமே தேர்வு நடத்தித் தாமே மதிப்பெண் பட்டியல் வழங்க, பட்டத்தை மட்டும் பல்கலைக்கழகம் வழங்கும் முறை இங்கு வேரூன்றியிருக்கிறது. அத்தகைய கல்லூரியில் படித்தவரின் மதிப்பெண் பட்டியலில் ஒரு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் பட்டச் சான்றிதழில் வேறொரு ஸ்தாபனத்தின் துணைவேந்தரும் கையொப்பமிட்டிருக்கக் காணும் அயல்நாட்டு எழுத்தர், இரண்டுக்கும் உள்ள சம்பந்தம் விளங்காமல் விண்ணப்பத்தை நிறுத்திவைத்தால் அவரைக் குறை கூற இயலாது. கல்லூரி முதல்வரிடமிருந்து, தன்னாட்சியின் தன்மையையும் பல்கலைக்கழக இணைப்பையும் விளக்கும் ஒரு பக்கக் கடிதத்தைப் பெற்று இணைத்துவிடுவது இதற்குத் தக்க பரிகாரம்.

அரசுகளுக்கு இடையிலான அத்தாட்சி வேறு வரலாறு உடையது. ஒரு நாட்டின் பொது ஆவணம் மற்றொரு நாட்டில் செல்லுபடியாவதற்கு, உள்ளூர் அதிகாரி, மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், பிற நாட்டுத் தூதரகம், சில இடங்களில் அந்நாட்டின் அமைச்சகம் என்று வாயிலுக்கு வாயில் ஏறி இறங்க வேண்டியிருந்த நிலையைப் போக்கும் பொருட்டு, ஹேக் நகரில் 1961 அக்டோபர் 5ஆம் நாள் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. அதன்படி, ஆவணம் பிறந்த நாட்டின் அதிகாரி ஒருவர் அப்போஸ்டில் என்னும் சிறு சான்றைச் சேர்த்துவிட்டால், உடன்படிக்கையில் சேர்ந்த பிற நாடுகள் தூதரக அத்தாட்சி கேட்கலாகாது. ஒவ்வொரு பக்கமும் 9 சென்டிமீட்டருக்குக் குறையாத சதுரமாகவும், பிரெஞ்சு மொழித் தலைப்போடும், நாடு, கையொப்பமிட்டவர், அவருடைய பதவி, முத்திரையின் உரிமையாளர், இடம், தேதி முதலாக எண்ணிட்ட பத்து வரிகளோடும் அது அமைய வேண்டும் என்று உடன்படிக்கையே வகுத்திருப்பதால், எந்த மொழிக்காரரும் அதன் எந்த வரியில் என்ன இருக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் அறியலாம். இந்தியாவுக்கு இது 2005 ஜூலை 14 முதல் அமலாகியிருக்கிறது. சீனா 2023 நவம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும் வந்து சேர்ந்தன. ஐக்கிய அரபு அமீரகம் போன்று சேராத நாடுகளுக்குப் பழைய தூதரக வழியே உரியது.

இந்தியாவில் அப்போஸ்டில் வழங்குவது வெளியுறவு அமைச்சகம். மாநில அளவிலான முன்னத்தாட்சி இன்றிக் கல்விச் சான்றிதழை அது ஏற்பதில்லை. பட்டச் சான்றிதழானால் பல்கலைக்கழகத்தின் சரிபார்ப்புக்குப் பின் சென்னைத் தலைமைச் செயலகத்தில் உள்ள உயர்கல்வித் துறைக்கும், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களானால் நுங்கம்பாக்கத்தில் உள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் உண்மைத் தன்மைச் சான்றுக்கும் முதலில் போக வேண்டியிருக்கிறது. அமைச்சகம் பொதுமக்களிடம் நேரில் ஆவணம் வாங்காமல், தான் நியமித்த முகவர்கள் வாயிலாகவே பெற்று, எண்ணிட்ட ஒட்டுச்சான்றை மூலத்தின் பின்புறத்தில் ஒட்டித் திருப்புகிறது. அரசுக் கட்டணம் ஆவணம் ஒன்றுக்கு 50 ரூபாய். முகவரின் சேவைக் கட்டணம் தனி. இந்தச் சிறு தொகையைச் சொல்லாமல் மறைத்து, அப்போஸ்டிலையே பெரிய ரகசியம்போல் காட்டி ஆயிரக்கணக்கில் வாங்கும் இடைத்தரகர்கள் இருப்பதால், கட்டண விவரத்தை மாணவரும் பெற்றோரும் முன்னதாகவே அறிந்திருப்பது அவசியம்.

ஒட்டுச்சான்று மூலத்தின் முதுகிலேயே ஒட்டப்படுவதால் எழும் இடையூறு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மழைக்கும் செல்லுக்கும் அஞ்சி, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளே அதை லேமினேஷன் செய்துவிடுவது நம் வீடுகளில் பரவியுள்ள வழக்கம். அன்போடு செய்த அந்தக் காரியம் பின்னால் வினையாகிறது: பிளாஸ்டிக் உறைமேல் முத்திரை நிற்காது, எழுத்தும் மையும் தாளோடு உருகிப் பிடித்துக்கொண்டிருப்பதால் உறையை உரிக்க முயன்றால் கையொப்பமே அழிந்துபோகக்கூடும். சான்றிதழ்களைத் திறந்து எடுக்கத்தக்க உறைகளில் வைப்பதே போதுமான பாதுகாப்பு.

அப்போஸ்டில் பெற்றுவிட்டால் எங்கும் செல்லும் என்று நம்புவோர் ஜெர்மனியின் விஷயத்தில் ஏமாறுவர். இந்தியா உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தபடியால், இவ்விரு நாடுகளுக்கிடையே அப்போஸ்டில் செல்லுபடியாவதில்லை. அதற்கு மாற்றாகக் கல்வி ஆவணங்களைச் சோதித்துச் சான்று வழங்கும் ஏ.பி.எஸ். என்னும் அமைப்பு உண்டு. 2001இல் பெய்ஜிங்கில் முதன்முதலாக ஏற்பட்ட இந்த முறை, புது தில்லி அலுவலகத்தின் வாயிலாக இந்திய மாணவர்களுக்கும் விரிக்கப்பட்டு, 2022 நவம்பர் 1 முதல் மாணவர் விசாவுக்குக் கட்டாயமாயிற்று. ஆவணங்கள் உண்மையா என்பதோடு, அவற்றை உடையவர் ஜெர்மானியப் பல்கலைக்கழகத்தில் சேரத் தகுதி பெற்றவரா என்பதையும் அது ஆராய்கிறது. நியமிக்கப்பட்ட கட்டணம் 18,000 ரூபாய் என்பது கிராமத்துக் குடும்பங்களுக்குப் பாரமே. ஆயினும் பல முத்திரைகள் சேர்ந்தும் சொல்லாத உள்ளடக்கத்தின் உண்மையை நேராகச் சோதிப்பதால், கொள்கையளவில் இதுவே செம்மையான வழி என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

தமிழ் மாணவருக்கே சிறப்பாக உரிய தொல்லை பெயரில் இருக்கிறது. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொண்டு ஒற்றைப் பெயரால் வழங்கும் நம் மரபுக்கு, குடும்பப் பெயருக்கென்று தனி வரி ஒதுக்கும் பாஸ்போர்ட் படிவம் பொருந்துவதில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மு. செல்வி என்றும், கல்லூரிச் சான்றிதழில் செல்வி மு. என்றும், பாஸ்போர்ட்டில் செல்வி முருகேசன் என்றும் ஒரே பெண் மூன்று உருவங்களில் தோன்றும்போது, மூவரும் ஒருவரே என்பதை அயல்நாட்டு அலுவலகம் தானாக யூகித்துக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஒருவரே என்று நோட்டரி முன்னிலையில் செய்த பிரமாணப் பத்திரம் பல இடங்களில் போதுமானது. எழுத்துகளே வேறுபட்டிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிட வேண்டி வரலாம். பத்தாம் வகுப்பில் தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் தயாராகும்போதே பெயரின் எழுத்துகளையும் தலைப்பெழுத்தையும் பிறந்த தேதியையும் பெற்றோர் ஒரு முறை ஊன்றிப் பார்த்துவிட்டால், இந்த அலைச்சலில் பெரும்பகுதி நேராது. பின்வரும் சான்றிதழ்கள் யாவும் அந்தச் சான்றிதழைப் பார்த்தே எழுதப்படுகின்றன.

மின்னணு முறை இவற்றையெல்லாம் மெல்ல மாற்றி வருகிறது. 2017இல் தொடங்கிய தேசியக் கல்வி ஆவணக் களஞ்சியத்திலும் டிஜிலாக்கரிலும் பல்கலைக்கழகங்கள் பட்டங்களை நேராகப் பதிவேற்றுவதால், ஆவணத்தைத் தந்தவரிடமே சரிபார்க்கும் வசதி கிடைத்திருக்கிறது. பழைய மாணவர்களின் பதிவுகள் இன்னும் பேரேடுகளிலேயே இருக்கும் இடங்களில், அவற்றைத் தேடி எடுத்து டிரான்ஸ்கிரிப்ட் எழுதப் பல வாரங்கள் ஆகலாம். விண்ணப்பத்தின்போது ஸ்கேன் செய்த பிரதிகளையே ஏற்று, நிபந்தனையோடு இடம் அளிக்கும் பல்கலைக்கழகங்கள் இப்போது அநேகம். அவையும் மாணவர் வந்து பெயர் பதியும் நாளில் மூலங்களை எதிரே வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டாதலால், விமானத்தில் ஏறும்போது அவற்றைச் சரக்குப் பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே எடுத்துச் செல்ல வேண்டும்.