ஆக்னஸ் மெக்பெயில்: பிரைஸ்வில் குடும்பக் கல்லறையும் அவர் விட்டுச்சென்ற பணியும்

ஆக்னஸ் கேம்ப்பெல் மெக்பெயில் (24 மார்ச் 1890 – 13 பிப்ரவரி 1954) கனடா நாடாளுமன்றத்தின் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் ஆவார். ஒட்டாவாவில் பத்தொன்பது ஆண்டுகள் மக்களவை உறுப்பினராக இருந்தார். பின்னர் டொராண்டோவில் ஒண்டாரியோ சட்டமன்ற உறுப்பினராகவும் பணியாற்றினார். ஆனால் அவருடைய கல்லறை இந்த இரு நகரங்களிலும் இல்லை. ஒண்டாரியோ மாகாணத்தின் கிரே வட்டாரத்தில், பிரைஸ்வில் என்னும் சிற்றூரில் தந்தை டூகல்ட், தாய் ஹென்றியெட்டா, தங்கை கெர்தா ஆகியோருடன் அவர் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.

பாடநூல்களில் அவருடைய பெயருடன் "முதல் பெண்" என்ற அடைமொழி தவறாமல் வரும். மாணவர்கள் அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்து போகிறார்கள். அவர் எந்த மண்ணிலிருந்து வந்தார், கிடைத்த இடத்தை யாருக்காகப் பயன்படுத்தினார் என்பவற்றை அறிய அந்தக் குடும்பக் கல்லறையிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

குடும்பமும் ஆசிரியப் பணியும்

மெக்பெயில் குடும்பம் ஸ்காட்லாந்து வழிவந்த உழவர் குடும்பம். மூன்று பெண் மக்களில் ஆக்னஸ் மூத்தவர். கிராமப்புறப் பெண்ணுக்கு உயர்நிலைப் பள்ளி எதற்கு என்று கேட்கப்பட்ட காலம் அது. படிப்பைத் தொடர வீட்டில் அனுமதி பெற அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. ஓவன் சவுண்டில் உயர்நிலைக் கல்வியையும், ஸ்ட்ராட்போர்டில் ஆசிரியர் பயிற்சியையும் முடித்தார். அதன்பின் பல கிராமப் பள்ளிகளில் கற்பித்தார்.

குடும்பப் பெயர் பற்றி ஒரு செய்தி உண்டு. அவருடைய தந்தை அப்பெயரை ஆங்கிலத்தில் எழுதிய முறை வேறு, மகள் எழுதிய முறை வேறு. ஸ்காட்லாந்து சென்றபோது முன்னோர் எழுதிய முறையை அறிந்துகொண்ட ஆக்னஸ், தம் பெயரை அதற்கேற்ப மாற்றிக்கொண்டார். தமிழில் எழுதும்போது இந்த வேறுபாடு தெரிவதில்லை. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. இறுதிவரை அதே பெயரிலேயே வாழ்ந்தார்.

மக்களவையில் தனி ஒருவராக

ஆசிரியராக இருந்தபோதே ஒண்டாரியோ ஐக்கிய உழவர் இயக்கத்தில் சேர்ந்தார். உழவர் இதழில் எழுதினார், கூட்டங்களில் பேசினார். கனடாவில் பெரும்பான்மைப் பெண்களுக்குக் கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமை 1918இல் கிடைத்தது. போட்டியிடும் உரிமை 1919இல் வந்தது. 1921ஆம் ஆண்டுத் தேர்தலில் தென்கிழக்கு கிரே தொகுதியில் அவர் வேட்பாளராக நிறுத்தப்பட்டார். பெண்ணை நிறுத்தியதற்குத் தொகுதிக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் டிசம்பர் 6 அன்று நடந்த தேர்தலில் அவர் வென்றார்.

அப்போது மக்களவையில் 235 இடங்கள். அவற்றில் பெண் உறுப்பினர் அவர் ஒருவரே. 1935இல் மார்த்தா பிளாக் தேர்வாகும் வரை பதினான்கு ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. செய்தியாளர்கள் அவருடைய உடையைப் பற்றி எழுதினர். அவரோ விளைபொருள் விலை, முதியோர் ஓய்வூதியம், போர் எதிர்ப்பு, பெண்களின் சம உரிமை ஆகியவற்றைப் பற்றிப் பேசினார்.

1929இல் ஜெனீவாவில் கூடிய உலக நாடுகள் சங்கத்திற்குக் கனடாவின் பேராளர் குழுவில் சென்றார். பெண் பேராளர்களைச் சமூக நலக் குழுவில் அமர்த்துவது அந்நாள் வழக்கம். அவர் அதை ஏற்கவில்லை. ஆயுதக் குறைப்புக் குழுவில்தான் பணியாற்றுவேன் என்று வற்புறுத்தி அதில் இடம் பெற்றார்.

சிறைச் சீர்திருத்தம்

அவருடைய பணிகளில் நீண்ட பயன் தந்தது சிறைச் சீர்திருத்தமே. கைதிகளுக்காகப் பேசினால் வாக்குகள் கூடப்போவதில்லை என்பது எந்த அரசியல்வாதிக்கும் தெரியும். கிங்ஸ்டன் சிறையின் நிலைமையை நேரில் அறிந்த அவர், ஆண்டுக்கணக்கில் அதை மக்களவையில் எழுப்பினார். 1936இல் அரசு ஆர்ஷாம்போ ஆணையத்தை அமைத்தது. 1938இல் வந்த அதன் அறிக்கை 88 பரிந்துரைகளைக் கொண்டது. தண்டிப்பதோடு நில்லாமல், கைதியைத் திருத்தி மீண்டும் சமூகத்தில் சேர்ப்பதையும் அது வலியுறுத்தியது. பெண் கைதிகளுக்கு உதவும் எலிசபெத் ஃபிரை சங்கம் கனடாவில் உருவாகவும் அவர் துணைநின்றார்.

தோல்வியும் பிற்காலமும்

1940ஆம் ஆண்டுத் தேர்தலில் தோற்றார். அன்று மக்களவை உறுப்பினர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. முதியோர் ஓய்வூதியத்துக்காகக் குரல் கொடுத்தவர், ஐம்பது வயதில் பிழைப்புக்கு வழி தேட வேண்டியதாயிற்று. நாளிதழில் வேளாண்மை பற்றி எழுதினார். 1943இல் கூட்டுறவுப் பொதுநலக் கூட்டமைப்பின் சார்பில் ஒண்டாரியோ சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1945இல் தோற்று, 1948இல் மீண்டும் வென்றார். 1951இல் அம்மாகாணம் சம வேலைக்குச் சம ஊதியச் சட்டத்தை இயற்றியது. அதற்காக முன்னின்று போராடியவர்களில் அவர் முக்கியமானவர். செனட் சபைக்கு அவர் நியமிக்கப்படவிருந்த வேளையில், 63ஆம் வயதில் டொராண்டோவில் காலமானார்.

நினைவும் மறதியும்

1990இல் அவருக்கு அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. 2017இல் கனடாவின் 150ஆம் ஆண்டு நினைவாக வெளிவந்த பத்து டாலர் தாளிலும் அவர் உருவம் இடம்பெற்றது.

ஆனால் பிரைஸ்வில்லில் இன்னொரு கல்லறை வரலாறும் உண்டு. பழைய டர்ஹாம் சாலையை ஒட்டி, அப்பகுதியில் முதலில் குடியேறியவர்களுள் ஒரு பிரிவினரான கறுப்பின மக்களின் இடுகாடு இருந்தது. 1930களில் அதன் நடுகற்கள் அகற்றப்பட்டு, நிலம் உழப்பட்டு, உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. உள்ளூர் மக்கள் சிலரின் முயற்சியால்தான் 1990இல் அவ்விடம் மீட்கப்பட்டு நினைவிடமாயிற்று. ஒரே ஊரில் ஒரு குடும்பத்தின் பெயர்கள் கல்லில் காக்கப்பட்டன. வேறு பல குடும்பங்களின் பெயர்கள் மண்ணோடு போயின. யாருடைய கல்லறை நிற்கிறது என்பதும் வரலாற்றுக் கேள்வியே.

வாக்குரிமையின் கதையும் இப்படிப்பட்டதே. 1918இன் உரிமை எல்லாப் பெண்களுக்கும் உரியதாக இருக்கவில்லை. ஆசிய வழியினர் பலருக்கு 1940களின் பிற்பகுதி வரை வாக்கு மறுக்கப்பட்டது. சட்டப்படி பதிவுபெற்ற முதற்குடி மக்கள், தம் தகுதிநிலையை இழக்காமல் வாக்களிக்க 1960 வரை காத்திருந்தனர்.

ஈழத் தமிழர் பலர் வாழும் ஸ்கார்பரோவில் இன்று ஆக்னஸ் மெக்பெயில் பெயரில் ஒரு பள்ளி உள்ளது. 2011இல் அதே ஸ்கார்பரோவின் ரூஜ் ரிவர் தொகுதியிலிருந்து, யாழ்ப்பாணத்தில் பிறந்த ராதிகா சிற்சபைஈசன் மக்களவைக்குத் தேர்வானார். கனடா நாடாளுமன்றத்தில் அமர்ந்த முதல் தமிழர் அவர். 1921இல் ஓர் உழவர் மகளுக்குத் திறந்த கதவு, தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் அகதிகளாக வந்த ஒரு சமூகத்தின் மகளுக்கும் திறந்தது.

கதவைத் திறந்தவரை நினைவில் வைப்பது எளிது. உள்ளே சென்றபின் அவர் பேசியது உழவருக்காகவும், முதியோருக்காகவும், சிறையில் இருப்போருக்காகவும் என்பதைச் சேர்த்துப் படிக்கும்போதுதான் "முதல் பெண்" என்ற அடைமொழிக்கு முழுப் பொருள் கிடைக்கிறது.