எஸ் கிளாஸ்: எதிர்பார்ப்பின் சரித்திரம்

ஜெர்மனியின் சிண்டெல்ஃபிங்கன் ஆலையில் உருவாகும் மெர்சிடீஸ்-பென்ஸ் எஸ் கிளாஸ் மோட்டார் வண்டி புதிய தலைமுறையாக அவதரிக்கும் ஒவ்வொரு முறையும், பிரயாணிகளின் பிராணனைக் காக்க அது என்ன புது உபாயம் கொண்டுவரும் என்று உலகம் ஆவலோடு நோக்கி வந்திருக்கிறது.

இதற்குச் சரித்திரமே காரணம். 1959-ல் வெளிவந்த அதன் முன்னோடி, பேலா பாரெனி என்னும் பொறியியல் மேதை வகுத்தபடி, மோதும் வேளையில் முன்னும் பின்னும் தான் நசுங்கி, நடுவே அமர்ந்தோரைக் காத்தது. 1972-ல் எஸ் கிளாஸ் என்ற நாமத்தை ஏற்ற வண்டியில், 1978-ல், பிரேக்கைத் திடீரென அழுத்தினாலும் சக்கரங்கள் இறுகிப்போகாமல் தடுக்கும் மின்னணுச் சாதனம் சேர்ந்தது. அடுத்த தலைமுறையில், 1981-ல், காற்றுப்பை வந்தது.

தனவந்தரின் வண்டியில் தோன்றிய இவை யாவும் காலக்கிரமத்தில் சாமானியரின் சிறு கார்களையும் அடைந்தன. ஆகையால் அடுத்த தலைமுறையை எதிர்நோக்குவதில் சகல ஜனங்களுக்கும் பாத்தியதை உண்டு.